கடைசி வளைவில் பின்னால் வருபவன்

அப்வெல், நார்ஃபோக்
21 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணன் ஹெட்லிக்கு,

லிண்டன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் ஜோசி அண்ணியும் பூமியின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ நியூசிலாந்துக்குப் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. நான் எழுதியது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, அதிலும் என் பெயர் மட்டும். இன்றைக்கு அம்மா சொல்லிவிட்டாள்: "உக்காந்து ஒழுங்கா எழுதுடா. எழுதி முடிக்கிற வரைக்கும் அடுப்புல இருக்கற கறியை வெளிய எடுக்க மாட்டேன். கருகினா கருகட்டும்." எதிரில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசலாமே என்று கேட்பாய். போனென்றால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதிகம் போனால் கிழிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்டாக் காரை விற்றுவிட்டேன். பன்னிரண்டு வருஷம் முட்டை வடிவ ஓவல் பாதையில் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு சுற்றியது போதும் என்று தோன்றிவிட்டது. கூரையை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டேன். வாங்கினவன் "கூரை இல்லாம எப்படிப்பா ஓட்டறது, மழை பெய்யாதா?" என்று கத்தினான். வேறு தகடு பற்றவைத்துக் கொடுத்தேன்.

இப்போது பிக்கப் வண்டிப் பந்தயத்தில் இறங்கியிருக்கிறேன். பெரிய சுற்றுப் பாதைகளில் ஓடுகிறார்களே, அது. பழைய பந்தய வண்டி ஒன்று கிடைத்தது. கொட்டகையில் நானும் கூட்டாளி பார்னியும் ஒரு மாதம் அதைக் கழற்றி மாட்டினோம். போன செவ்வாய்க்கிழமை முதல்முறை ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்க வளைவில் வெண்ணெயில் கத்தி மாதிரிப் போனது. வலப்பக்க வளைவு வந்ததும் மூன்று சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் உட்கார்ந்தது. அடுத்த வலப்பக்க வளைவிலும் அதே கதை. மூன்றாவதில் பார்னி பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டானாம்.

என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. வண்டி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக் கொடுத்தது. வேறு யாரைக் கேட்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
லிண்டன்

அம்மா எட்டிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்கிறாள். இவ்வளவுதான்.


ஃபீல்டிங், நியூசிலாந்து
14 மார்ச் 1999

பிரியமுள்ள லிண்டனுக்கு,

ஜோசி அண்ணி எழுதுகிறேன். இங்கே கோடை முடிகிற நேரம், இருவரும் சுகம். உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் "ஹ்ம்" என்றார். கடிதம் எழுத அவருக்குச் சோம்பலாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றக் கூடாதாம்.

"டேய், நீ அந்த வண்டியை ஸ்டாக் கார் மாதிரியே பூட்டியிருக்கே. கனத்தையெல்லாம் இடப்பக்கம் தள்ளி, உள்பக்கம் சின்ன டயர், வெளிப்பக்கம் பெரிய டயர். சரிதானே? ஓவல்ல இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவோம், அங்க அது சரி. உலகத்துல வலப்பக்கமும் ரோடு திரும்பும்டா. உனக்கு முப்பத்தொரு வயசாச்சு, யாராவது சொல்லியிருக்கணும். நாலு டயரும் ஒரே அளவு போடு. பேட்டரியை நடுவுக்குக் கொண்டா. ரெண்டு பக்கமும் தனித்தனியா எடை போட்டுப் பாரு. பார்னிகிட்டக் குடுக்காதே, அவன் தராசு முள்ளைப் பார்க்காம தன் நாய்க்குட்டியைப் பார்த்துக்கிட்டிருப்பான்.

"பிரேக்கை மிதிக்கிறதுக்கு முன்னாடியே வலப்பக்கம் பாரு. கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. பன்னெண்டு வருஷமா இடப்பக்கம் பார்த்த கழுத்து அது. அம்மாவைச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லு.

"அவ்வளவுதான். வேற ஏதாவது கேக்கணும்னா கேளு."

கடைசி வரியைச் சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அடிக்கடி அங்கேதான் இருக்கிறார், தட்டிக்கொண்டும் பற்றவைத்துக்கொண்டும்.

அம்மாவுக்கு எங்கள் முத்தங்கள்.

ஜோசி


அப்வெல்
20 ஏப்ரல் 1999

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

அம்மாவுக்கு முட்டிவலி, வாய்வலி இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ சொன்னது நூற்றுக்கு நூறு. டயரை மாற்றினேன், பேட்டரியை நடுவுக்கு மாற்றினேன், வண்டி வலப்பக்கம் திரும்பியது. பார்னி கைதட்டினான். நாய்க்குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு.

முதல் பந்தயம் போன ஞாயிறு. இங்கே வேகமானவனை முன்னால் நிறுத்துகிறார்கள். என்ன நியாயம் இது? நம் ஓவலில் வெள்ளைக் கூரைக் கத்துக்குட்டிகள் முன்னால் நிற்பார்கள், சிவப்புக் கூரைக்காரன் கடைசியில் நிற்பான், உலக சாம்பியன் தங்கக் கூரையோடு அவனுக்கும் பின்னால். வல்லவன் என்றால் எல்லாரையும் தாண்டி வந்து காட்டு என்பார்கள். இங்கே வேகமானவன் முன்னால் நின்று முன்னாலேயே போய்விடுகிறான்! நான் பத்தொன்பதாவதாக நின்றேன். பின்னாலிருந்து வருவது நமக்குப் பழக்கம்தானே. ஒவ்வொருவனாகத் தாண்டினேன். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. ஏட்ரியன் ஸ்பைசர். போன வருஷச் சாம்பியன். கையுறையை இஸ்திரி போட்டு மாட்டுகிற ஆள்.

கடைசி வளைவு. எனக்கு யோசிக்க நேரமில்லை. யோசிக்கவும் இல்லை. கால் தானாகவே அழுத்தியது. பம்பரால் அவன் பின்பக்கத்தில் ஒரு இடி. அவன் புல்லுக்குப் போனான், நான் கட்டம் போட்ட முடிவுக் கொடியை முதலில் தாண்டினேன். வண்டியை நிறுத்திக் கூரை மேல் ஏறி இரண்டு கையையும் தூக்கினேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பந்தய அதிகாரி கூப்பிட்டார். வெள்ளை மீசை, நல்ல மனுஷன்.

"மிஸ்டர் கெரிட்ஜ், ஏன் அவரை இடிச்சீங்க?"

"கடைசி வளைவு சார்."

"அது தெரியுது. ஏன் இடிச்சீங்க?"

"கடைசி வளைவு சார்! எங்க ஊர்ல அங்க இடிக்கலேன்னாதான் கேள்வி கேப்பாங்க. ஜனங்க டிக்கெட் வாங்கறதே அதுக்குத்தான்."

மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். இன்னொரு தடவை யாரையாவது தொட்டால் ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

அம்மா பார்வையாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து "நீ அடிச்சது சரிதான், அவனுக்கு வாங்கத் தெரியலை" என்றாள். அப்புறம் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். ஸ்பைசர் வண்டியை விட்டு இறங்கிப் புல்லில் நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு...

விடு. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் தம்பி,
லிண்டன்


அப்வெல்
6 ஜூன் 1999

அன்புள்ள அண்ணன் ஹெட்லிக்கு,

நலமா? இங்கே மழை. பீட்ரூட் வயலெல்லாம் சேறு. ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. தபால் தொலைந்தது என்று அம்மா சொல்கிறாள். தொலையவில்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசி வளைவைப் பற்றி உனக்கே எழுதினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

பந்தயத்தைச் சொல்கிறேன். நாலு ஓடினேன். நாலிலும் இரண்டாமிடம். ஒவ்வொரு தடவையும் கடைசி வளைவில் ஸ்பைசரின் பின்னாலேயே வருகிறேன், ஒவ்வொரு தடவையும் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு மேலே வந்துவிடுகிறது. லைசென்ஸ் பயம் என்று பார்னியிடம் சொன்னேன். அது பொய். எனக்கு முன்னால் அந்த வளைவில் ஒரு வண்டி இருந்தால் அது என் கண்ணுக்கு உன் நீல நிறக் கார்தான். நீ கம்பி வேலியில் மோதி நின்றதுதான். உலக இறுதிப் போட்டி, உனக்கு முப்பத்தெட்டு வயசு, கடைசி வளைவு வரை முன்னால் இருந்தாய், பின்னால் வந்தவன் நான்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. இதை எழுதவே ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

பந்தயத் திடலில் எனக்கு 'சாது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டாக் கார்க்காரனைச் சாது என்கிறார்கள்! ஓவலில் யாராவது கேட்டால் சிரித்தே செத்துவிடுவான்.

தொடாமல் எப்படித் தாண்டுவது? அதை மட்டுமாவது சொல்.

லிண்டன்


ஃபீல்டிங்
27 ஜூன் 1999

பிரியமுள்ள லிண்டனுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர்த் தொட்டியில் காலையில் பனி. மற்றபடி சுகம். உன் அண்ணன் சொல்வது:

"தொடாம பயமுறுத்து. அவனுக்கு உன்னைத் தெரியும், நீ இடிக்கிறவன்னு தெரியும். அந்தப் பேரை நீ முதல் நாளே சம்பாதிச்சுட்டே, சும்மா விடாதே. அவன் கண்ணாடியில உன் வண்டி மூக்கை உள்பக்கமாவே காட்டிக்கிட்டு இரு. ஒரு சுற்று, ரெண்டு சுற்று, மூணு சுற்று. அவன் உள்பக்கத்தை அடைச்சுக்கிட்டு அடி விழும்னு காத்துக்கிட்டிருப்பான். அடிக்குக் காத்துக்கிட்டிருக்கறவன் வேகமாப் போக மாட்டான். வெளிப்பக்கம் உனக்குத் திறந்திருக்கும். அடிக்கிறது மாதிரி வந்து அடிக்காம போ. கால் மேலே வந்தா வெளிப்பக்கம் போகவே முடியாது, காலை எடுக்காதே. வேலை இருக்கு. போறேன்."

அவ்வளவுதான் சொன்னார். மற்ற விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை என்றால் கொட்டகைதான். குளிர்காலம் முழுக்க அங்கே என்ன செய்கிறார் என்று என்னிடம்கூடச் சொல்வதில்லை. கேட்டால் "இரும்பு" என்கிறார்.

லிண்டன், இது நான் எழுதுவது. அவர் போய்விட்டார். அவர் இடதுகைக்காரர் என்று உனக்குத் தெரியும். கடிதம் எழுதச் சோம்பல் என்பது பொய். அன்றைக்கு ஸ்டீயரிங் சுழன்று மணிக்கட்டு முறிந்ததல்லவா, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பேனா நிற்பதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாலு வரி நோட்டில் எழுதிப் பழகுகிறார். என்னைக் கண்டால் மூடி வைத்துவிடுகிறார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஜோசி


அப்வெல்
18 ஜூலை 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகம்தானே? உன் கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஜெயித்தேன்! முதல் வெற்றி! நீ சொன்னபடி மூன்று சுற்று மூக்கைக் காட்டினேன். ஸ்பைசர் இல்லை, இன்னொருத்தன், அவனும் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு போனான். நான் வெளியே போனேன். காலை எடுக்கவில்லை. வண்டி புல் ஓரத்தில் ஆடியது, நான் ஏதோ கத்தினேன். அம்மா மேடையில் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாளாம். அவர் இரண்டு வாரமாக வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்றுத்தானே நடந்தது, இனிமேல்தான் வருவார்.

இப்போது ஜெயித்த தைரியத்தில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. கூரையில் தங்க வர்ணம் அடித்த கையோடு, விரலெல்லாம் வர்ணத்தோடு வந்து, வண்டி நிறுத்துகிற இடத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். உன் ஜன்னல் எதுவென்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இறங்கவில்லை. மறுநாளும் வந்தேன், மறுநாளும் இறங்கவில்லை. அப்புறம் வருவதையும் விட்டுவிட்டேன். நீ விமானம் ஏறின அன்றைக்கு லாரியில் பீட்ரூட் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே வேறு பக்கம் போனேன்.

ஒரு வருஷம் தங்கக் கூரையோடு ஓடினேன். போகிற இடமெல்லாம் கைதட்டினார்கள். ஒரு நாள்கூட எனக்குச் சந்தோஷமாக இல்லை. உன்னை அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி,
லிண்டன்


ஃபீல்டிங்
5 செப்டம்பர் 1999

லிண்டன்,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி. ஏழு வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், இந்த எழுத்து இவ்வளவு தூரம் வரக் காத்திருந்தேன். இன்னொருத்தர் கையால் இதைச் சொல்ல முடியாது.

எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? அடித்ததற்கா? மடையா! கடைசி வளைவில் நீ என் பின்னால் வந்து என்னை அடிக்காமல் இருந்திருந்தால் நான் உன்னைத் தம்பி என்று சொல்லியே இருக்க மாட்டேன். நான் பின்னால் வந்திருந்தால் உன்னை அப்வெல் வரை தூக்கிப் போட்டிருப்பேன், அம்மா தபாலில்தான் உன்னைத் திருப்பி வாங்கியிருப்பாள். அது நல்ல அடி. சுத்தமான அடி. நான் சொல்லிக் கொடுத்த அடி.

கோபம் அதற்கில்லை. பந்தயம் முடிந்தால் அடித்தவன் அடி வாங்கினவனிடம் வர வேண்டும். கை கொடுக்க வேண்டும், அல்லது வாங்கினவன் மூக்கில் குத்துவான், அப்புறம் கை கொடுக்க வேண்டும். நம் ஓவலில் யாரும் இதை விட்டதில்லை. எனக்குத் தெரிந்து இருபது வருஷத்தில் நீ ஒருத்தன்தான் விட்டாய். பதினாலு நாள் அந்தக் கட்டிலில் கிடந்தேன். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தேன். இடது கை மாவுக்கட்டில். ஜோசி கேட்டாள், எதுக்கு அந்தக் கையை மட்டும் வெளியில போட்டுக்கிட்டு இருக்கீங்க, குளிரலையா என்று.

நீ கீழே காரில் உட்கார்ந்திருந்தாயா? நான்கு மாடி. ஏறி வர உனக்கு என்ன கேடு?

சரி. இப்போது எழுதிவிட்டாய், நானும் எழுதிவிட்டேன். இனி மன்னிப்பு என்று ஒரு வரி வந்தால் கடிதத்தைக் கிழிப்பேன். பட்டத்தை ஜெயித்துவிட்டு எழுது.

கை விஷயம் ஜோசி சொன்னதுதானே? அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் சாப்பாடு கிடையாது.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஹெட்லி


அப்வெல்
26 செப்டம்பர் 1999

என் ஹெட்லி கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி பரவாயில்லை. நீ கம்பளி உள்சட்டை போடுகிறாயா?

உன் கடிதம் வந்த அன்றைக்கு உன் தம்பி அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். நான் சன்னலில் பார்த்தேன். படித்தான், உட்கார்ந்தான், அழுதான், அப்புறம் எழுந்து வண்டியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். மத்தியானம் அடுப்பில் வாட்டின கறியை மூன்று தட்டு சாப்பிட்டான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் மூன்று தட்டு.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அந்தத் தங்கக் கூரையை அறுத்து எடுத்தானே, அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். அதைப் பார்க்கவும் மாட்டான், தூக்கிப் போடவும் மாட்டான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. எடுத்துக் கோழிக்கூட்டுக்கு மேலே ஆணி அடித்துவிட்டேன். இப்போது என் கோழிகள் உலக சாம்பியன்கள். முட்டையும் முன்னைவிட அதிகமாகப் போடுகின்றன, பொய் சொல்லவில்லை.

அவனும் ஸ்பைசரும் புள்ளியில் சமம். கடைசிப் பந்தயம் அடுத்த மாதம் பத்தாம் தேதி, நம் நார்ஃபோக்கிலேயே. யார் முன்னால் வருகிறார்களோ அவருக்குப் பட்டம். நான் புதுத் தொப்பி வாங்கியிருக்கிறேன்.

அடிக்கடி எழுது. நீ எழுதினால்தான் இவன் சாப்பிடுகிறான்.

உன் அம்மா


அப்வெல்
11 அக்டோபர் 1999

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லாரும் சௌக்கியம், சௌக்கியத்துக்கும் மேலே! பார், என் எழுத்தும் உன் எழுத்து மாதிரிதான் இருக்கிறது. அவ்வளவு அவசரத்தில் எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டேன். சாம்பியன்!

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஏழாவது, ஸ்பைசர் முதல். பத்துச் சுற்றுக்குள் ஐந்து பேரைத் தாண்டினேன், யாரையும் தொடவில்லை. மூன்று சுற்று மிச்சம். உள்பக்கம் மூக்கைக் காட்டினேன். அவன் கண்ணாடியைப் பார்க்கிறான், எனக்குத் தெரிகிறது, தலை ஆடுகிறது. இன்னொரு சுற்று, மறுபடி மூக்கு. அவன் உள்பக்கத்தை அடைத்தான். ஏப்ரலில் வாங்கினது அவனுக்கு மறக்குமா?

கடைசி வளைவு வலப்பக்க வளைவு, அண்ணா. பிப்ரவரியில் நான் புல்லில் போய் உட்கார்ந்த அதே மாதிரி வளைவு. முன்னால் உன் நீலக் கார் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்பைசரின் வெள்ளை வண்டிதான் இருந்தது. அவன் அடிக்குத் தோளைக் குறுக்கி, பிரேக்கை முன்னாலேயே மிதித்துக் காத்துக்கொண்டிருந்தான். என் பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கை அகலம். நான் வெளியே திரும்பினேன். கழுத்தையும் திருப்பினேன். காலை எடுக்கவில்லை! பக்கம் பக்கமாக வந்து, கொடியில் அரை வண்டி நீளம் முன்னால் நான்.

மேடையே எழுந்து நின்றது. அம்மாவின் புதுத் தொப்பி பாதையில் விழுந்து மூன்று வண்டி அதன் மேல் ஏறிவிட்டது. பார்னி அழுதான், நாய்க்குட்டி குரைத்தது. கோப்பையை வாங்க வரச் சொல்லி ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் போகவில்லை. முதலில் ஸ்பைசரின் இடத்துக்கு நடந்தேன். அவன் வண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான், இஸ்திரி போட்ட கையுறை மடியில்.

"நீ இடிக்கப் போறேன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ நெனைக்கணும்னுதான் வந்தேன்."

"கேவலமான வேலை."

"எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது."

சிரித்துவிட்டான். கை நீட்டினேன். எழுந்து நின்று கொடுத்தான். "ஏப்ரல்லயும் நீ வந்திருக்கலாம்" என்றான். "தெரியும். அதுக்குத்தான் இப்ப ரெண்டு தடவை குடுக்கறேன்" என்று மறுபடி பிடித்துக் குலுக்கினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான். அப்புறம்தான் கோப்பையை வாங்கப் போனேன்.

இந்தக் கை உனக்குக் கொடுக்க வேண்டியது. எப்போது என்று சொல், எத்தனை மாடியானாலும் ஏறி வருகிறேன்.

உன் தம்பி,
லிண்டன்


ஃபீல்டிங்
7 நவம்பர் 1999

சாம்பியன் தம்பிக்கு,

இங்கே வசந்தம், ஆட்டுக்குட்டிகள் எங்கு பார்த்தாலும். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை ஜோசி சத்தம் போட்டுப் படித்தாள். தொப்பி மேல் மூன்று வண்டி ஏறின இடத்தில் நிறுத்திச் சிரித்தாள். ஸ்பைசருக்குக் கை கொடுத்த இடம் வந்ததும் நான் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். அங்கே என்ன செய்தேன் என்பதை அம்மா எழுதின மாதிரி ஜோசி உனக்கு எழுதாமல் இருந்தால் சரி.

கொட்டகை என்றதும் சொல்கிறேன். உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. நான் ஓட்டாமல் இல்லை. இங்கேயும் ஓவல் இருக்கிறது, ஸ்டாக் கார் இருக்கிறது. போன வருஷமே சனிக்கிழமைகளில் ஓட்ட ஆரம்பித்தேன். கோணல் கையோடு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தோன்றும். இங்கே அணிப் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஒரு அணிக்கு நாலு கார். ஒருத்தன் முன்னால் ஓடுவான், மற்றவர்கள் எதிரணிக்காரனை இடித்து நிறுத்தித் தடுப்பார்கள். தடுப்பவனுக்கு ஒரு நல்ல கை போதும், கூடவே கெட்ட குணம் வேண்டும். என்னைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். போன சனிக்கிழமை மூன்று பேரை வேலியில் ஏற்றினேன். மூன்று பேருக்கும் கை கொடுத்தேன். ஒருத்தன் குத்தினான், அது தனிக் கதை.

எங்களுக்கு முன்னால் ஓடுகிறவன் சரியில்லை. வேகம் இருக்கிறது, பின்னாலிருந்து கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரத் தெரியவில்லை. பிப்ரவரியில் பெரிய அணிப் போட்டி. உன் பிக்கப் பந்தயம் ஏப்ரலில்தானே ஆரம்பம்? அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா.

கார் இல்லையே என்று எழுதாதே. கார் இருக்கிறது. போன மார்ச்சில் உன் முதல் கடிதம் வந்தது பார், வலப்பக்கம் திரும்பவில்லை என்று புலம்பி, வேறு ஒன்றும் சொல்லாமல், "வேறு யாரைக் கேட்பேன்" என்று. அந்த வாரமே இரண்டாவது காருக்கு இரும்பு அறுத்துவிட்டேன். ஜோசி கேட்டாள், இது யாருக்கு என்று. இரும்பு என்றேன். உன் உயரத்துக்கு இருக்கை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கனமாக, உள்பக்கம் சின்ன டயர். அது உனக்குத் தெரிந்த வண்டி, கழுத்து வலிக்காது. கூரைக்கு மட்டும் இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. அதற்காகக் கோழிகளைத் தொந்தரவு செய்யாதே, அது அவை உழைத்துச் சம்பாதித்தது.

வந்து இறங்கியதும் முதலில் கை. வலது கையைக் கொடு, நானும் வலதுதான். அப்புறம் மூக்கில் ஒரு குத்து உண்டு, தயாராக வா. அப்புறம் சாப்பாடு.

ஓடுகிறவன் நீ. தடுக்கிறவன் நான். உன்னைத் தொட வருகிற ஒவ்வொருத்தனையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ திரும்பிப் பார்க்காமல் ஓடு.

கடைசி வளைவில் உனக்குப் பின்னால் நான்தான் வருவேன். கொஞ்சம் பயப்படு.

அண்ணன்,
ஹெட்லி